வெளியூரில் போட்ட கோல்

ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒரு கால்பந்து கிளப், ஐரோப்பாவின் மற்ற நாட்டு கிளப்களோடு மோதிய ஆட்டங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். எந்த வருடம், எந்தக் கோப்பை, எத்தனையாவது சுற்று, சொந்த ஊரில் எத்தனை கோல், வெளியூரில் எத்தனை கோல், இரண்டையும் கூட்டினால் யார் மேலே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இத்தனைக்கும் நான் ஒரு நாளும் பந்தை உதைத்தவள் இல்லை. மைதானத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் முழுதாகப் பார்த்தவளும் இல்லை. அனுமந்தன்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு அல்லிநகரத்தில். கிளப்பின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது வந்து என் கணக்கைத் திருத்துவார். ஏற்கெனவே ஒரு தடவை திருத்தம் வாங்கியாயிற்று, அது போதும்.

என் வீட்டுக்காரர் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் கேரளத்துக் கட்டப்பனையில் ஒரு மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்தார். கால்பந்துப் பைத்தியம் அங்கே பிடித்ததுதான். மலையை விட்டு இறங்கித் தேனிக்கு வேலைக்கு வந்தபிறகும் அது தெளியவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்தது. எனக்கு அரசு வேலை பத்து வருடம் காத்திருந்து வந்தது. அதை விட்டுவிட்டு, தெரியாத ஊரில் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. மகளும் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே அவர் மட்டும் போவது என்று ஆனது. போங்க என்றும் நான் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வாய் இங்கிருந்து கம்பம் ஊர் வரைக்கும் நீளும். உண்மையிலேயே வலித்தால் மட்டும் இந்த இரண்டு சொல்லுக்கு மேல் வராது. இது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

போன புதிதில் தினமும் பேசினோம். சாப்டீங்களா, சாப்ட்டேன். குளுருதா, குளுருது. கரண்ட் பில் கட்டிட்டியா, கட்டிட்டேன். அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்பதை போன்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. வீட்டில் இருக்கும்போது பேச்சுக்கு அவசியமே இருந்ததில்லை. டம்ளரை எடுத்து வைக்கும் சத்தத்திலேயே எனக்குக் கோபமா இல்லையா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, மூச்சுச் சத்தத்துக்கு நடுவே, அவர் இருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மைதானம் இருப்பதாகச் சொன்னார். அன்றைக்கு வெளிநாட்டு அணி ஒன்று வந்து ஆடுகிறதாம். ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினார். முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு அதற்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே நேரத்தில் மூச்சிழுத்தன. யாரோ கோல் போடப் போய்த் தவறவிட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். மறுபடி போனை நீட்டச் சொன்னேன். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம்.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். அவரை லைனில் பிடித்து வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இணையத்தில் அந்த கிளப்பின் ஐரோப்பிய வரலாறு ஒரு நீண்ட அட்டவணையாக இருக்கிறது. ஒவ்வொரு வரியும் ஒரு மோதல். தேனியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனில் அதைத் திறந்துவிடுவேன். வீரபாண்டி வரைக்கும் பழைய வருடங்கள். வியன்னா, சோஃபியா, லிஸ்பன், புடாபெஸ்ட் என்று ஊர்ப் பெயர்களாக வரும். கோப்பையை வென்றவர்களுக்கென்றே தனியாக ஒரு கோப்பை இருந்திருக்கிறது. கல்யாணம் ஆனவனுக்கே மறுபடி பெண் பார்ப்பது மாதிரி. இப்போது அது இல்லை. ஒரே ஒரு தடவை அரையிறுதி வரைக்கும் போயிருக்கிறார்கள். மற்றபடி முதல் சுற்று, இரண்டாம் சுற்றோடு மூட்டையைக் கட்டியவர்கள்தான். அதனாலேயே எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. ஜெயித்துக்கொண்டே இருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சீலையம்பட்டி தாண்டினால் எனக்குக் கண் சொக்கும். இரண்டு பக்கமும் வயல், அதற்கப்பால் மலை, மலைமேல் மேகம் படுத்துக் கிடக்கும். அரைத்தூக்கத்தில் அந்த ஆட்டக்காரர்கள் எங்கள் பஸ்ஸுக்குள் வந்துவிடுவார்கள். நெற்றியில் முடி விழுந்த பழைய காலத்துப் பையன்கள். மடியில் ஆளுக்கொரு தோல் பை. யாரும் பேச மாட்டார்கள். சின்னமனூரில் இறங்குவது ஒரு தடவை வார்சாவாக இருக்கும், இன்னொரு தடவை ஏதோ பனிக்கட்டி ஊராக இருக்கும். திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் விளக்குப் போட்டு ஆட்டம் நடக்கும். கண்டக்டர் "உத்தமபாளையம் எல்லாம் எறங்கு" என்று கத்தும்போது, எத்தனைக்கு எத்தனை என்று தெரியாமலே விழித்துக்கொள்வேன்.

ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டம். ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில். நடுவில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ இடைவெளி. அட்டவணையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இடைவெளிதான், அதை யாரும் எழுதி வைப்பதில்லை என்றாலும். முதல் ஆட்டம் முடிந்திருக்கும், இரண்டாவது வந்திருக்காது. அந்த நாட்களில் யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. நான் ஆறு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சில வரிகளில் இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வரும். ஆனாலும் ஒருவர் மேலே போயிருப்பார், ஓரத்தில் ஒரு குட்டி எழுத்து இருக்கும். அது ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர், கேட்பேனா? அப்படிப்பட்ட வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, நாலைந்தை ஒப்பிட்டு, நானே கண்டுபிடித்தேன். சமமாக வந்தால், வெளியூரில் அதிக கோல் போட்டவர் ஜெயித்தவர். அவரிடம் சொன்னபோது, "ஏ புள்ள, நீயாவா கண்டுபிடிச்ச?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூரில் போய்ப் போராடுகிறவனுக்கு ஒரு படி கூடுதலாக மதிப்புக் கொடுக்கும் விதி. அவர் அங்கே தனியாகச் சமைத்து, தனியாகத் துவைத்து, காய்ச்சலில் தனியாகக் கிடந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு, இந்த விதியை எழுதியவன் நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

போன ஆடி மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருடம் நீட்டிக்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். "நீ என்ன சொல்ற?" என்றார். வழக்கம்போல "உங்க இஷ்டம்" என்றேன். வெளியே ஆடிக் காற்று தகரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எனக்கு ஒரே எண்ணம்தான். அவர் வர வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் சொல்லி அவர் வந்து, இங்கே கிடைக்கிற வேலையில் மனம் ஒட்டாமல், என்றைக்காவது ஒரு நாள் "நீ சொன்னதுனாலதான வந்தேன்" என்று சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. அந்தப் பயம்தான் என் வாயைக் கட்டியது. அவர் பக்கமும் அதே மாதிரி ஏதோ ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் பெரிய காரியங்களுக்குப் பூக்கட்டிப் பார்ப்போம். கிணறு வெட்டுவதா, பெண்ணைக் கொடுப்பதா என்று மனது இரண்டாகப் பிரிந்து கிடந்தால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று முன்னாலேயே நினைத்துக்கொள்ள வேண்டும். வந்தபின் மறு பேச்சு கிடையாது. இன்னொரு கட்டுப்பாடும் எங்கள் வீட்டில் உண்டு. பூ எடுக்கும்வரை யாரும் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அப்படிப் பார்த்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"இங்கன கோயில் ஏது, பூக்கட்டிப் பாக்க?" என்றார் அவர். பிறகு அவரே, "இவங்க ஆட்டத்தையே பூவா வச்சுக்கிருவமா?" என்றார். கிளப் அந்த வருடம் ஐரோப்பாவில் ஆடத் தகுதி பெற்றிருந்தது. தகுதிச் சுற்றின் முதல் ஆட்டம் அவர்கள் ஊரிலேயே முடிந்திருந்தது, ஒன்றுக்கு ஒன்று. அடுத்த வியாழன் இரண்டாவது ஆட்டம், கஜகஸ்தானில். ஆசியாவில் கிடந்தாலும் கால்பந்தில் அந்த நாடு ஐரோப்பாக் கணக்கில்தான் வரும். "ஜெயிச்சா மூணு வருசம் இருந்துருவோம். தோத்தா கெளம்பிருவோம். வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் குடுக்கணும், சரியா இருக்கும். எனக்கு அன்னைக்கு டூட்டி. போனைத் தொட முடியாது, டீ குடிக்கப் போறப்பத்தான் பாப்பேன். நீதான் பாத்துச் சொல்லணும்."

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இருக்கவில்லை. பொட்டலத்தை எடுக்கிற சின்னப் பிள்ளையின் வேலை எனக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பறையில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஆட்டம் நடக்கப்போகிற ஊரைத் தேடினேன். தேனி இருக்கும் இடத்தில் விரலை வைத்து நேர் மேலே நகர்த்தினேன். தில்லியை ஒட்டிப் போய், இமயமலையைத் தாண்டி, விரல் அப்படியே அந்த ஊரில் போய் நின்றது. கிழக்கும் விலகவில்லை, மேற்கும் விலகவில்லை. எனக்கு உச்சி வெயில் அடிக்கும்போது அந்த ஊருக்கும் அடிக்கும். ஆறு வருடமாக எங்கெங்கோ அலைந்த கிளப், கடைசியில் என் தலைக்கு நேரே வந்து ஆடப் போகிறது. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸில் கண்ணை மூடினால் ஆட்டக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடம் ஜெயிக்கணும் ஜெயிக்கணும் என்று கூடவே வந்தவள், முதல் தடவையாக அவர்கள் தோற்க வேண்டும் என்று கும்பிடுகிறாள்.

வியாழன் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அரை மணி நேரம் கழித்தும் அதேதான். இடைவேளையில் தோசை ஊற்றினேன், ஒன்று கருகியது. எண்பது நிமிடம், எண்பத்தைந்து. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தால் கூட்டல் ஒன்றுக்கு ஒன்று, சமம். ஆனால் கஜகஸ்தான்காரர்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து போட்டது ஒரு கோல். அது வெளியூர் கோல். இவர்களுக்கு வெளியூரில் ஒன்றுமில்லை. அப்படியே முடிந்தால் இவர்கள் வெளியே. தொண்ணூறு நிமிடம் முடிந்தது என்று வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எழுதி அனுப்பப் பொறுமை இல்லை. பட்டனை அழுத்திப் பேசியே அனுப்பினேன். "என்னங்க, தோத்துட்டாக! ஒண்ணுக்கு ஒண்ணுதான், ஆனா அவுக வெளியூர்ல போட்டுட்டாகல்ல, அதுல இவுக தோத்துட்டாக! தோத்தே போயிட்டாகங்க!" சரியாகச் சொன்னேனா என்று நான் மறுபடி கேட்டுப் பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு அவருடைய அலமாரியைத் திறந்தேன். துணியை எல்லாம் வெளியே எடுத்து உதறி, பூச்சி உருண்டையைத் தூக்கிப் போட்டு, மறுபடி மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்திருந்தது. "சரி புள்ள. நாளைக்குப் பேசுறேன்." சந்தோஷமா வருத்தமா என்று அதில் தெரியவில்லை. டூட்டியில் இருப்பவர் வேறென்ன எழுதுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டேன். அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு வந்து வருடக்கணக்கு ஆகிறது.

காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சாரல் அடித்தது. அந்தத் தோல்வியை அட்டவணையில் ஒரு தடவை கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு திறந்தேன். கடைசி வரி நிரம்பியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. பக்கத்தில், பெனால்டியில் வெற்றி, அடுத்த சுற்றுக்குத் தகுதி.

மூன்று தடவை படித்தேன். பிறகு மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். அந்தக் குட்டி எழுத்து பழைய வரிகளில் மட்டும்தான் இருந்தது. சமீப வருடங்களில் எங்கேயும் இல்லை. வெளியூர் கோல் விதியை எடுத்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது என்று தேடிப் பார்த்தபோது வந்தது. இப்போதெல்லாம் சமமாக முடிந்தால் கூடுதலாக அரை மணி நேரம் ஆட வேண்டும், அப்படியும் முடியாவிட்டால் பெனால்டி. இந்த நாலைந்து வருடத்தில் பாதி இவர்கள் ஐரோப்பாவுக்கே போகவில்லை, போனபோதெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உதை வாங்கினார்கள். எனக்குத் தெரியவே வாய்ப்பு வரவில்லை. வரலாற்றை மட்டும் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்று நினைத்த எனக்கு இது வேண்டியதுதான்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் விதியை மாற்றியவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. பூ தவறாக எடுக்கப்படவில்லை. சரியாகத்தான் வந்திருக்கிறது, அங்கேயே இரு என்று சொல்லியிருக்கிறது. நான்தான் பொட்டலத்தைப் பிரித்து நிறத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்த ஊரே நேற்று கொண்டாடியிருக்கும். அவருக்கும் தெரிந்திருக்கும். வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்று நினைத்திருப்பார். அல்லது, அவ்வளவுதான், மூன்று வருடம் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டில் எது மோசம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முதல் பீரியடில் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். மூன்றையும் நான்கையும் கூட்டி எட்டு என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் டூட்டிக்குக் கிளம்பும் முன், அழைப்பு வந்தது. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன்.

"என்னங்க, நான் தெரியாமச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "பழைய கணக்கு. ஜெயிச்சிருக்காக. வேணும்னு சொல்லலங்க, சத்தியமா."

"தெரியும்" என்றார்.

"காலையில பாத்தீகளா?"

"நேத்தே தெரியும். நீ அனுப்பினத நான் டீக்குப் போறப்பக் கேட்டேன். அப்ப ஆட்டமே முடியல. எங்க வார்டுல ஒருத்தர் ரேடியோவக் காதுல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு. எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பிச்சிருச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. இங்கிட்டு ரேடியோவுல ஆட்டம் நடக்குது, அங்கிட்டு நீ தோத்துட்டாகங்குற."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நீ அதத் திருப்பிக் கேட்டியா?" என்றார்.

"இல்ல."

"சிரிக்கிற, புள்ள. தோத்துட்டாக தோத்துட்டாகன்னு மூச்சு வாங்கச் சிரிக்கிற. ஆறு வருசமா நீ அப்படிச் சிரிச்சு நான் கேக்கல. மூணு தடவ போட்டுக் கேட்டேன். நேரா வார்டு இன்சார்ஜ் அம்மாகிட்டப் போயி, நான் ஊருக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அதுக்கு அப்புறந்தான் பெனால்டி போட்டாங்க."

தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது.

"எழுதிக் குடுத்தத இன்னைக்குக் கேட்டாத் திரும்பத் தந்துருவாங்க" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "பூ வேற மாதிரி வந்துருச்சுன்னு உனக்கு மனசு உறுத்துனா சொல்லு."

"வந்துருங்க" என்றேன். "பூவாவது ஒண்ணாவது. எனக்கு நீங்க இங்கன இருக்கணும். அங்கன போன நாள்லருந்தே எனக்கு அதுதான்."

அவர் அழுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஐந்தாம் பீரியடுக்கு மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போகவில்லை.